நாகமணி சொன்ன பதில்கள்

திருமலைசாமி தன் மனைவியை முதன்முதலாக “அம்மிணி” என்று கூப்பிட்டது, கல்யாணமாகி நாற்பத்தொன்றாவது வருடம், நெஞ்சுக்குள் பம்ப் வைத்த பதின்மூன்றாம் நாள்.

கோவையில் அந்த ஆஸ்பத்திரியின் ஆறாவது மாடி. ஜன்னலோரக் கட்டில். காலை எட்டு மணிக்குக் கண்ணைத் திறந்தவர், தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, “அம்மிணி, நீ காப்பி குடிச்சயா?” என்றார். நாகமணி திரும்பிப் பின்னால் பார்த்தாள். வேறு யாரோ பெண்பிள்ளை அறைக்குள் வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தாள். யாரும் இல்லை.

நாற்பத்தொரு வருடமாக அவர் அவளை எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. “இங்க பாரு” என்பார். அதற்கும் சோம்பல்பட்டால் தொண்டையைச் செருமுவார். தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு செருமல், வாசலில் ஆள் வந்திருந்தால் இன்னொரு செருமல் என்று அவளே பிரித்து வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினாள். உடுமலையில் போர்வெல் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தவர். சுற்றுவட்டாரத்தில் பாதித் தோட்டங்களில் தண்ணீர் அவர் கைபட்ட மோட்டாரில்தான் ஏறியது. பட்டறைக்கு வருகிறவர்களிடமும் பேச மாட்டார். சுவிட்சைப் போட்டு மோட்டாரை ஓடவிட்டு, கேட்டுக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டுவார். அப்பேர்ப்பட்டவர் காப்பி குடித்தாயா என்று கேட்டால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் கையும் ஓடும், காலும் ஓடும்? நாகமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூடவே பிடரி மயிரும் சிலிர்த்தது. இரண்டும் ஒன்றாக வந்ததை அன்றைக்கு அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கு முந்திய ஒன்றரை வருடம் நரகம். முதலில் கால் வீங்கியது, பிறகு மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதையாவது தாங்கிக்கொண்டார்கள். விரலால் தடவியே கம்பியின் அளவைச் சொல்கிற மனிதர், ஒருநாள் பட்டறையில் சிவப்பு ஒயரையும் நீல ஒயரையும் கையில் வைத்துக்கொண்டு எது எதில் போகும் என்று தெரியாமல் நின்றார். அன்றைக்குப் பட்டறையைச் சாத்தியவர்தான். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தார். குளி என்றால் குளிப்பதில்லை, மாத்திரையைக் கொடுத்தால் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டத்தின் வலப்பாதியிலேயே பன்னிரண்டு எண்களையும் நெருக்கிப் போட்டுவிட்டு, இடப்பாதியை வெறுமனே விட்டுவிட்டார். அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் நாகமணி முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.

டாக்டர் மெஹ்ருன்னிசா நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார்.

“இது மூணும் தனித்தனி வியாதி இல்லீங்கம்மா. இதயம் வீக்கா அடிக்குது. மூளைக்குப் போற ரத்தம் கம்மியாகுது. அதனால ஞாபகம் தப்புது, கணக்குத் தப்புது, மனசும் அப்படியே சோந்து போயிருது. மனசு சோந்தவரு மாத்திரை போட மாட்டாரு, எந்திரிச்சு நடக்க மாட்டாரு. அப்ப இதயம் இன்னும் வீக்காகும். சுத்திச் சுத்தி ஒண்ணை ஒண்ணு கீழ இழுக்கும்.”

“லோ வோல்ட்டேஜ்,” என்றார் கட்டிலில் கிடந்தவர். அந்த மாதத்தில் அவர் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

டாக்டர் சிரித்துவிட்டார். “அதேதானுங்கையா. நாங்க வைக்கிற பம்ப்பு ரத்தத்தை மட்டும் தள்ளாது. கழுத்து நரம்புல ஒரு இழை போகும், காதுக்குப் பின்னால தோலுக்கடியில ஒரு வில்லை இருக்கும். மனசு கீழ எறங்குதுன்னா அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும், தூக்கி நிறுத்திரும். பேரு, தேதி, பேச்சு ஏதாச்சும் விட்டுப்போச்சுன்னா எடுத்துக் குடுத்துரும்.”

“எது விட்டுப்போச்சுன்னு அதுக்கு எப்படீங்க தெரியும்?” என்று கேட்டாள் நாகமணி.

“நாமதான் சொல்லிக் குடுக்கோணும். ஐயா நல்லா இருந்தப்ப எப்படி இருந்தாரு, என்ன புடிக்கும், யாருகிட்ட எப்படிப் பேசுவாருன்னு இருநூத்திப் பன்னண்டு கேள்வி இருக்குது. அந்தப் பதில்தான் அஸ்திவாரம். அதைப் பாத்து, அந்த மாதிரியே அவரைக் கொண்டு வந்து நிறுத்தும்.”

மறுநாள் கையில் பலகைக் கணினியோடு ஒரு சின்னப் பெண் வந்து உட்கார்ந்தது. முதல் கேள்விக்கே திருமலைசாமி நாகமணியின் முகத்தைப் பார்த்தார். அவள் பதில் சொன்னாள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நம் ஊரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதுதானே நடக்கிறது? எங்கே வலிக்கிறது என்று டாக்டர் புருஷனைக் கேட்பார், பெண்டாட்டி இடத்தைக் காட்டுவாள். ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்பார், தூங்கினார் என்று அவளே சொல்வாள். “அவரு சொல்லட்டுங்கம்மா” என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தது. அவருக்கு மூச்சு வாங்கியது, மத்தியானச் சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது. பிறகு அதுவும் நாகமணியைப் பார்த்தே கேட்க ஆரம்பித்தது.

என்ன பதில் சொல்வாள்? வீட்டு விஷயத்தை, நேற்றுப் பார்த்த பெண்ணிடம், அதுவும் மகள் வயசில் இருக்கிற பிள்ளையிடம் சொல்ல முடியுமா? உங்களை எப்படிக் கூப்பிடுவார்? “அம்மிணின்னுதான்.” வீட்டில் பேசுவாரா? “ஓயாமப் பேசுவாருங்க, நான்தான் சித்த சும்மா இருங்கம்பேன்.” பிடித்த சாப்பாடு? “அரிசிம்பருப்புச் சோறுன்னா உசுரு.” உசிர் அவளுக்கு, அவர் அதைத் தட்டில் ஒதுக்கி வைக்கிற ஆள். மறக்க முடியாத சந்தோஷம்? “கல்யாணமானதும் கொடைக்கானல் போனமுங்க. ஏரியில படகு, ஒரே மழை.” கொடைக்கானல் போனது அவளுடைய தங்கை. தங்கை சொல்லச் சொல்லக் கேட்டு வைத்திருந்ததை நாகமணி அன்றைக்குத் தனதாக்கிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அவளுக்கே ருசி தட்டிவிட்டது. எத்தனை வருடத்து ஆசை, யார் மேலும் தப்பில்லாமல் வாய்வழியாக வந்துகொண்டிருந்தது.

எத்தனை குழந்தைகள்? “ஒரே பொம்பளப் புள்ளைங்க, ஆஸ்திரேலியாவுல.” மனசை உடைத்த இழப்பு ஏதாவது உண்டா? இதற்கு மட்டும் அவள் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் விரல் திரைக்கு மேலே காத்திருந்தது.

“அப்படி ஒண்ணும் இல்லீங்க,” என்றாள் நாகமணி.

ஆறு மாதத்தில் திருமலைசாமியைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். காலையில் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறார், மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார். கடிகாரம் வரையச் சொன்னால் நொடி முள்ளையும் சேர்த்துப் போடுகிறார். சோகத்துக்கென்று பதினைந்து கேள்வி வைத்திருக்கிறார்கள், அதில் முன்பு பதின்மூன்று வாங்கியவர் இப்போது பூஜ்யம். அடிலெய்டில் இருக்கிற மகள் சிந்துஜாவோடு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு மணி நேரம் பேசுகிறார். எதிர்வீட்டு அம்மாள், “உங்களுக்குக் குடுப்பினை” என்று பெருமூச்சு விட்டாள். நாகமணிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்? அறுபத்தைந்து வயசில் புதுப்பெண் போலத் தலைக்குப் பூ வாங்கினாள்.

ஆனால் ஒன்றொன்றாக அவளுக்குக் காதில் பட ஆரம்பித்தது. “நான் ஓயாமப் பேசுவேன், இவதான் சித்த சும்மா இருங்கம்பா,” என்று எதிர்வீட்டு அம்மாளிடம் சொல்லிச் சிரித்தார். அந்த வாக்கியத்தை நாகமணி எங்கேயோ கேட்டிருக்கிறாள். அடுப்படிக்குள் போய் யோசித்தாள். அது அவளுடைய வாக்கியம். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் சொன்னது.

பிறகு கவனிக்கத் தொடங்கினாள். எதைச் சொல்வதற்கு முன்னாலும் ஒரு கணம் தலை இடப்பக்கம் சாய்ந்தது, பின்கட்டில் யாரோ மெல்லக் கூப்பிடுவதைக் கேட்கிற மாதிரி. சாய்ந்த தலை நிமிர்ந்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பிறகு பேச்சு வந்தது. ஒருநாளும் இந்த வரிசை மாறவில்லை. தொண்டையைச் செருமுவது அடியோடு நின்றுபோயிருந்தது. அரிசிம்பருப்புச் சோற்றை இரண்டு தடவை போட்டுக்கொண்டு, “உசுரு அம்மிணி” என்றார்.

ஒரு சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவராகவே கொடைக்கானலை எடுத்தார்.

“அன்னைக்குப் படகுல ஏறும்போது உன்ற செருப்பு ஒண்ணு ஏரியில விழுந்துருச்சே, ஞாபகமிருக்கா? ஒத்தைச் செருப்போட ரூமு வரைக்கும் நடந்தே.”

செருப்பு விஷயத்தை நாகமணி யாரிடமும் சொல்லவில்லை. தங்கையும் சொன்னதில்லை. நடக்காத ஊர்ப்பயணத்தில் இவர் தானாகச் செருப்பைத் தொலைத்துக்கொண்டிருக்கிறார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அதைவிடப் பயம் எது என்றால், ஒரே ஒரு நொடி, அந்தச் செருப்பின் வார் பச்சை நிறம் என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

தை மாதம் பதினொன்றாம் தேதி வந்தது.

அந்தத் தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிந்துஜாவுக்கு மூன்று வருடம் முன்பு அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். பதினோரு நாள் இருந்தான். பெயர்கூட வைக்கவில்லை. அவன் போனது தை பதினொன்று. அத்தனை சின்னக் குழந்தைக்குத் திதியும் கிடையாது, படமும் கிடையாது. ஆனால் வருடா வருடம் அந்த நாளில் விடிந்ததும் திருமலைசாமி ஒன்றும் சொல்லாமல் வாய்க்கால் பக்கம் போய்விடுவார். ஒன்பது மணிக்கு ஈரக்காலோடு வருவார். நாகமணி அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். உச்சிப்பொழுது வரைக்கும் இரண்டு பேரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பிறகு முந்திய நாள் சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சிந்துஜாவுக்கே இது தெரியாது.

இந்த வருடமும் நாகமணி அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிக்குக் குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“என்ன அம்மிணி, அடுப்புப் பக்கமே போகலையா? இன்னைக்கு அரிசிம்பருப்பு போடு. நெய்யி தூக்கலா.”

“இன்னைக்கு என்ன நாளுங்க?”

“தை பதினொண்ணு. வியாழக்கெழமை.” பட்டென்று வந்தது.

“வேற?”

தலை சாய்ந்தது. நிமிரவில்லை. நாகமணி எழுந்து போய் அவர் காதுக்குப் பின்னால் விரலை வைத்தாள். வில்லை கொதித்தது. அவர் உதடு நடுங்கியது. கண்ணுக்குள் ஏதோ மேலேறி வந்தது. அந்தப் பழைய முகம், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரின் முகம், ஒரு மூச்சு நேரம் அவளைப் பார்த்தது. “சொல்லுங்க,” என்றாள் அவள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கீழே இறங்கிவிட்டது. தலை நிமிர்ந்தது. சிரித்தார்.

“அப்படி ஒண்ணும் இல்லையே,” என்றார்.

நெய் ஊற்றி இரண்டு தட்டுச் சாப்பிட்டார். எதிரே நாகமணி வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தை ஒன்று இருந்தது என்பதற்கு உலகத்தில் இரண்டே பேர்தான் சாட்சி. அதில் ஒருத்தரை வாயைத் திறந்து தானே இல்லாமல் ஆக்கிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. இனி அவளும் போய்விட்டால் அவன் பிறக்கவே இல்லை.

அன்றைக்கே மகளுக்குப் போன் போட்டாள். குழந்தையைப் பற்றி எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல், டாக்டரிடம் பொய்யான பதில்கள் கொடுத்ததை மட்டும் சொல்லி, அதை மாற்றப் போகிறேன் என்றாள்.

“அம்மா, உனக்கென்ன பைத்தியமா?” என்று கத்தினாள் சிந்துஜா. “எனக்கு முப்பத்தேழு வயசாச்சு. சாப்ட்டயா கண்ணுன்னு எங்கப்பா என்னைக் கேட்டது இந்த ஆறு மாசமாத்தான். அது பொய்யிங்கிறயா? பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும். மறுபடியும் அவரச் செவுத்தப் பாத்துப் படுக்க வைக்கப் போறயா?”

மகள் கேட்டதில் நியாயம் இருந்தது.

இருந்தும் நாகமணி கோவைக்குப் போனாள். அவரைச் சோதனை அறையில் விட்டுவிட்டு டாக்டர் மெஹ்ருன்னிசாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எத்தனை பதிலும்மா மாத்திச் சொன்னீங்க?”

“பேரும் வயசும் சரிங்க.”

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: “நீங்க மட்டும் இல்லீங்கம்மா. போன மாசம் ஒரு மாமியாருக்கு மருமக பதில் சொல்லியிருக்கா. ஊரையே ரெண்டாக்கின அந்தம்மா இப்ப மருமகளைத் தங்கமேங்குது. மகன் வந்து அழுகறாரு, எங்கம்மா திட்டவே மாட்டேங்குறாங்க டாக்டர்னு. மெசினு தப்பே செய்யலீங்க. குடுத்த ஆளை அப்படியே கட்டிக் குடுத்துருச்சு.”

“மாத்த முடியுங்களா?”

“முடியும். மனசையும் ஞாபகத்தையும் பாக்கற பகுதியை நிறுத்திட்டு, அவரு வாயாலயே எல்லாக் கேள்விக்கும் பதில் வாங்கோணும். ஆனா நிறுத்துனா பழைய பாரம் எல்லாம் ஒரேயடியா ஏறும். அவரு இதயம் இப்ப இருக்கற நெலமைக்கு அரை மணி நேரம் தாங்குனாலே பெருசு. மாசம் ஒருக்கா வந்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் செய்ய முடியும்.”

“எனக்கு ஒரு கேள்வி போதுங்க. அந்த இழப்புக் கேள்வி. மத்ததெல்லாம் பொய்யாவே இருக்கட்டும்.”

“வரிசை மாத்த முடியாதும்மா. அது பத்தொம்பதாவது. முதல்லருந்துதான் போகோணும்.” டாக்டர் அவள் கையைப் பிடித்தார். “துக்கம் திரும்பி வந்துச்சுன்னா, அவரு தாங்குவாருன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. நல்லா யோசிச்சுக்கங்க.”

நாகமணி யோசித்தாள். சிரித்துக்கொண்டே இன்னும் பத்து வருடம் இருக்கக்கூடிய ஒருவர். அவருக்குள் புதைந்து கிடக்கிற இன்னொருவர். இரண்டாவது ஆளோடுதான் அவள் நாற்பத்தொரு வருடம் சண்டை போட்டாள், வெறுத்தாள், பேச மாட்டாரா என்று ஏங்கினாள். இப்போது அவர்தான் வேண்டியிருந்தது. டாக்டர் நீட்டிய ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

“நீங்க வெளிய இருக்கோணும்,” என்றார் டாக்டர்.

கதவு பாதி சாத்தியிருந்தது. டாக்டர் திரையில் எதையோ அழுத்தினார். பம்பின் மெல்லிய ஓசை அப்படியே இருந்தது. காதுக்குப் பின்னால் வில்லை இருக்கிற இடத்தில் மினுங்கிய பச்சைப் புள்ளி மட்டும் அணைந்தது. திருமலைசாமியின் தோள் இரண்டும் தாழ்ந்தன. கன்னம் தொங்கியது. ஒரே நிமிடத்தில் பத்து வயது கூடிவிட்டது. பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

தண்ணீர் வேண்டும். வெளியே உட்கார்ந்திருந்த நாகமணி தன்னையறியாமல் பாட்டிலோடு எழுந்துவிட்டாள். எழுந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்துட்டாரு, வந்துட்டாரு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

பெயர் சொன்னார். வயசு சொன்னார். “குழந்தைங்க எத்தனை பேருங்கையா?” என்று டாக்டர் கேட்டார். அவர் கதவையே பார்த்தார். ஐந்து நிமிடம் போயிருக்கும்.

“அவ எங்க?” என்றார்.

“வெளிய இருக்காங்க. இத நீங்கதான் சொல்லோணும்.”

“அவளக் கூப்புடுங்க. அவளக் கேக்காம நான் சொல்லப்படாது.”

டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். திருமலைசாமி அசையவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கதவைத் திறந்து, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி, நாகமணியை உள்ளே விட்டார்.

அவர் அவளை நேராகப் பார்த்தார். தலை சாயவில்லை.

“சொல்லலாமா?” என்று கேட்டார்.

“எதைங்க?”

“நீதான சொன்னே. அன்னைக்கு அவனை மண்ணுக்குக் குடுத்துட்டு வர்றப்ப, ஆட்டோவுல. இனி இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசுனீங்கன்னா வாய்க்கால்ல உழுந்துருவேன்னு. அதான் பேசல.” மூச்சு வாங்கிக்கொண்டார். “எதைப் பேச ஆரம்பிச்சாலும் அங்க போய்த்தான் நிக்குது. அதனால எதையுமே பேசல. அந்தத் தேதிக்கு மட்டும் வருசா வருசம் வாய்க்கால்ல போய் நின்னுக்குவேன். நீ வந்துருவியோன்னு.”

நாகமணிக்கு அந்த ஆட்டோ ஞாபகம் இருந்தது. மடியில் கனமில்லாமல் உட்கார்ந்து வந்தது ஞாபகம் இருந்தது. தான் என்ன பேசினோம் என்பது மட்டும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தாள், அந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. அவர் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பச்சைப் புள்ளி அணைந்துதான் இருந்தது. அப்படியானால் இது அவர் சொல்வது, அவரே சொல்வது. ஊமை என்று ஊரெல்லாம் புலம்பிய மனிதரை வாயடைத்தது அவள்தான். சொன்ன சொல்லைச் சொன்னவள் மறந்துவிட்டாள். கேட்டவர் நாற்பது வருடம் காப்பாற்றியிருக்கிறார்.

“சொல்லுங்க,” என்றாள். “பேசுங்க, எவ்வளவு வேணாலும் பேசுங்க.”

“ரெண்டு,” என்றார் திருமலைசாமி டாக்டரைப் பார்த்து. “மூத்தது பையன். அப்பறம் பொம்பளப் புள்ள.”

டாக்டர் பதிவு செய்தார்.

“அவனுக்கு நான் ஒரு பேரு வச்சிருந்தேன்,” என்று நாகமணி பக்கம் திரும்பினார். “உன்கிட்ட...”

கருவி கீச்சிட்டது. அவர் உதடு நீலம் பாய்ந்தது, உடம்பு ஒரு பக்கமாகச் சரிந்தது. டாக்டர் ஒரே எட்டில் திரையிடம் போய் அழுத்தினார். பச்சைப் புள்ளி மினுங்கியது. பத்து நிமிடத்தில் முகத்தில் ரத்தம் ஓடியது, கண் திறந்தது, தலை இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. “என்ன அம்மிணி, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது?” என்றார்.

வராந்தாவில் டாக்டர் அவளிடம் சொன்னார்: “குழந்தைங்க ரெண்டுன்னு ஏறிருச்சுங்கம்மா. இழப்புக் கேள்விக்கு வர்றதுக்குள்ள நிறுத்த வேண்டியதாப் போச்சு. அதுல நீங்க சொன்ன பழைய பதில்தான் நிக்கும், இழப்பு எதுவுமில்லைன்னு. அடுத்த மாசம் அவரு தெம்பாயிருந்தா பாக்கலாம்.”

“அது வரைக்கும் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டாதுங்களா?”

“முட்டாது. அதுவே ரெண்டையும் ஒத்துப்போற மாதிரி சரி பண்ணிக்கும்,” என்றார் டாக்டர். அடுத்த நோயாளி காத்திருந்தார்.

திரும்பும்போது பொள்ளாச்சி தாண்டுகிற வரைக்கும் திருமலைசாமி பேசிக்கொண்டே வந்தார். காருக்கு ஓட்டுகிற ஆள் வேண்டாத காலம்; வண்டி தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. தெற்கே மலை கறுத்துக்கொண்டு வந்தது. நாகமணி அவர் சொன்னதற்கெல்லாம் உம் கொட்டினாள். சிந்துஜாவிடம் இன்றைக்குக் குழந்தையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு நின்றது. தலை சாய்ந்தது. இந்தத் தடவை வெகுநேரம் சாய்ந்தே இருந்தது. அவள் பயந்து அவர் தோளைத் தொடப் போனாள். நிமிர்ந்துவிட்டார். முகத்தில் அப்படியொரு தெளிவு.

“அம்மிணி, நாம வர்றதுக்கு இருட்டிரும்னு குமரேசனுக்குச் சொல்லிட்டயா?”

“யாருக்குங்க?”

“யாருக்கா?” அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். “பெத்த பையன் பேரே மறந்துபோச்சா உனக்கு? அடுத்த தடவை உனக்கும் ஒரு பம்ப்பு வைக்கச் சொல்லோணும்.”

நாகமணிக்குப் புரிந்தது. இரண்டு குழந்தைகள். இழப்பு எதுவுமில்லை. அந்த இயந்திரம் இரண்டையும் சரி பண்ணிவிட்டது. செத்துப்போயிட்டானுங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் அந்த உதடு மறுபடி நீலம் பாயும். அல்லது தலை சாயும், அவன் ஒருவேளை மறுபடி இல்லாமலே போய்விடுவான். குமரேசன். நாற்பது வருடம் அவர் ஒருத்தர் மட்டும் வைத்திருந்த பெயர், இப்போதுதான் அவள் காதில் விழுகிறது. அவளுக்கு அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

“குமரேசன்...” என்றாள் மெதுவாக. “எப்படி இருக்கானுங்க?”

“அவனுக்கென்ன? நாப்பது வயசுக்கே முன்மண்டை வழுக்கை, உங்கப்பனாட்ட. பட்டறையில உக்காந்தா உலகமே தெரியாது. பேச்சும் கெடையாது, எங்கிருந்துதான் அந்தக் கொணம் வந்துச்சோ.” ஜன்னலுக்கு வெளியே பார்த்தவர் சட்டென்று கவலைப்பட்டார். “மத்தியானம் சாப்புட்டானோ என்னமோ.”

அவர் திரும்பி அவள் முகத்தையே பார்த்தார், அவள்தான் சொல்ல வேண்டும் என்று.

நாகமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“சாப்புட்டிருப்பானுங்க,” என்றாள்.